நனைஞ்சா என்ன, விறைக்காம இருந்தா போதும் – ஒரு கையுறை வரலாறு

கையுறைக்கெல்லாம் ஒரு வரலாறா என்று கேட்காதீர்கள் மக்களே. மார்கழிப் பனிக்கே மங்கி கேப்பும் மஃப்ளரும் சுத்திக்கிட்டு டீக்கடைக்குப் போற ஜனம் நாம. ஆனா உலகத்துல ஒரு கூட்டம் இருக்கு. ஜனவரி மாசம், கரையெல்லாம் பனி, காத்து பூஜ்யத்துக்குக் கீழே. அப்போ போய் இடுப்பளவு ஆத்துத் தண்ணியில நின்னு ஃப்ளை ஃபிஷிங் பண்ணுவாங்க. அவங்களுக்குள்ள ஓயாத கேள்வி ஒண்ணுதான்: எந்தக் கையுறை வாங்கறது?

ரெண்டு வாரமா ராத்திரி ராத்திரி இதைப் பத்தித்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். சாதாரண ஷாப்பிங் சந்தேகம் மாதிரி தெரியும் இந்தக் கேள்விக்குப் பின்னால் 500 வருஷக் கதை இருக்கு. அதுல விரல்களைப் பறிகொடுத்த மீனவரும் வர்றார், அணுகுண்டு ஆராய்ச்சியில வேலை பார்த்த விஞ்ஞானியும் வர்றார்.

முதலில், பிரச்னை என்ன?

சாதாரணத் தூண்டில்ல முள்ளுக்குப் பக்கத்துல ஈயக்குண்டு இருக்கும். அந்தக் கனம் நூலை இழுத்துக்கிட்டுப் போகும். ஃப்ளை ஃபிஷிங்ல முள்ளுல இருக்கிறது இறகும் நூலும் சுத்தின போலிப் பூச்சி. அதுக்குக் கனமே கிடையாது. அதனால நூலையே கனமா செஞ்சு, சாட்டை மாதிரி சுழற்றி வீசணும். வலது கையில கம்பு, இடது கையில நூல். தண்ணிக்குள்ள போன நூலை இடது கை விரலால கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டே இருக்கணும். ஒவ்வொரு இழுப்புக்கும் நூலோடு சேர்ந்து பனித்தண்ணியும் கைக்கு வரும். நடுவுல பூச்சியை மாத்தணும்னா, தலைமுடி மொத்தமே இருக்கிற நூல்ல முடிச்சுப் போடணும்.

அதாவது கை நனையாம இருக்க முடியாது. விரலை மூடினா வேலை நடக்காது. மூடலைன்னா விரல் விறைச்சு, அப்பவும் வேலை நடக்காது. நல்ல டெட்லாக் இல்ல? :-)

நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமா வெப்பத்தைக் கடத்தும். விரல் தோலின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கினாலே கை தடுமாற ஆரம்பிக்கும். 8 டிகிரி வாக்கில் தொடு உணர்ச்சியே போய்விடும். முள் குத்தினால்கூடத் தெரியாது.

ஆகஸ்டோடு மூட்டை கட்டியவர்கள்

ஃப்ளை ஃபிஷிங் பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் கட்டுரை 1496-ல் வந்தது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரீ எழுதியது என்று காலம்காலமாகச் சொல்கிறார்கள். அதில் 12 பூச்சிகளின் பட்டியல் இருக்கிறது. மார்ச்சில் ஆரம்பித்து ஆகஸ்டில் முடிந்துவிடும். குளிர்காலம் என்ற பேச்சே இல்லை. ரொம்ப விவரமானவங்க!

ஐசக் வால்ட்டனின் புகழ்பெற்ற தூண்டில் புத்தகம் 1653-ல் வந்தது. 1676-ல் அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் அதற்கு ஒரு இரண்டாம் பாகம் எழுதினார். இவர் பட்டியல் ஜனவரியில் தொடங்கி டிசம்பர் வரைக்கும் போகிறது. டிசம்பரில் இதைச் செய்பவர்கள் குறைவு என்று ஒப்புக்கொண்டே, வெயில் கொஞ்சம் தலைகாட்டினால் எந்தப் பூச்சியைப் போடலாம் என்று சொல்லிக்கொடுக்கிறார். ஆக, பைத்தியம் அப்பவே பிடிச்சாச்சு.

ஆனாலும் பெரும்பாலானவர்கள் குளிர்காலத்தில் கம்பை எரவாணத்தில் சொருகிவிட்டு வீட்டில்தான் இருந்தார்கள். காரணம், பிரவுன் டிரவுட் மீன் இலையுதிர் காலத்திலிருந்து குளிர்கால ஆரம்பம் வரை முட்டையிடும். அப்போது பிடிப்பது தப்பு. இதில் ஒரு விதிவிலக்கு கிரேலிங் என்ற மீன். அது வசந்த காலத்தில் முட்டையிடுவதால் குளிர்காலத்தில் நல்ல கொழுகொழுவென்று இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பக்கம் கிரேலிங்குக்காகவே குளிரில் ஆற்றில் இறங்கும் ஒரு கூட்டம் உருவானது. பிரிட் என்பவர் 1888-லும், வால்ப்ரன் என்பவர் 1895-லும் அந்த மீனுக்கென்றே புத்தகம் போட்டார்கள். அந்த வால்ப்ரன் 1909-ல் யூர் நதியில் மீன் பிடிக்கும்போது மூழ்கி இறந்துபோனார். பொழுதுபோக்குதான், ஆனால் ஆறு அதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்வதில்லை.

பொழுதுபோக்கு இல்லாதவர்கள்

கையுறையின் உண்மையான வரலாறு இந்தக் கனவான்களிடம் இல்லை என்பதுதான் என் கட்சி. வடக்கு அட்லாண்டிக்கில் காட் மீனும் ஹாலிபட் மீனும் பிடித்து வயிறு கழுவிய ஏழை மீனவர்களிடம்தான் அது இருக்கிறது. அவர்களுக்கு ஜனவரியில் வீட்டில் உட்காரும் வசதி கிடையாது.

அவர்கள் மாட்டியது கம்பளி. ஆனால் சும்மா பின்னிய கம்பளி இல்லை. அமெரிக்காவின் மெய்ன் கடற்கரை வீடுகளில் கையுறையைக் கையின் அளவைவிட ரொம்பப் பெரிதாகப் பின்னுவார்கள். அப்புறம் அதைத் தண்ணீரில் நனைத்துக் கசக்கிக் கசக்கிச் சுருங்க வைப்பார்கள். கம்பளி இழையின் மேல் செதில் செதிலாக இருக்கும். கசக்கும்போது அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, துணி தடித்து ஜமுக்காளம் மாதிரி ஆகிவிடும். மீனவர் படகில் ஏறியதும் செய்கிற முதல் வேலை, அந்தக் கையுறையைக் கடல் தண்ணீரில் முக்கிப் பிழிந்து மாட்டிக்கொள்வது!

ஆமாம், வேணும்னே நனைச்சு மாட்டுவாங்க. படிச்சப்போ எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். அப்படி வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். பிழிந்த பிறகும் இழைகளுக்கு நடுவே காற்றுப் பைகள் மிச்சம் இருக்கும். உள்ளே இருக்கிற கொஞ்சத் தண்ணீரை உடம்பே சூடாக்கிக்கொள்ளும். தடித்த துணி காற்றைத் தடுத்துவிடும். எப்படியும் அஞ்சு நிமிஷத்துல நனையத்தான் போகுது, அதை நம்ம கணக்குப்படி நனைச்சுக்குவோம் என்பதுதான் லாஜிக்.

ஐஸ்லாந்து மீனவர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். அவர்கள் கையுறைக்கு ரெண்டு கட்டைவிரல். துடுப்பு வலித்து வலித்து உள்ளங்கைப் பக்கம் தேய்ந்ததும் அப்படியே திருப்பி மாட்டிக்கொள்ளலாம். நாங்க ரிடண்டன்சி என்று பெரிய பேர் வைத்து பவர்பாயிண்டில் போடுவதை, அந்த ஊர்ப் பெண்கள் பின்னல் ஊசியில் செய்துகாட்டியிருக்கிறார்கள். நியூஃபவுண்ட்லாந்தில் நிப்பர் என்று ஒன்று இருந்தது. உள்ளங்கையைச் சுற்றி மட்டும் வரும் கம்பளி வளையம். நூல் கையை அறுக்காது, விரல்கள் வெளியே சுதந்திரமாக இருக்கும்.

கையுறை இல்லாமல் போனால்?

ஹோவர்ட் பிளாக்பர்ன். அமெரிக்காவின் கிளவ்ஸ்டர் துறைமுகத்து ஹாலிபட் மீனவர். 1883 ஜனவரியில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே டோரி என்னும் சின்னப் படகில் இவரும் தாமஸ் வெல்ச் என்ற கூட்டாளியும் இருந்தபோது பனிப்புயல் அடித்தது. தாய்க்கப்பல் கண்ணிலிருந்து மறைந்தது. உள்ளே சேர்ந்த தண்ணீரை இறைத்துக் கொட்டியபோது அதோடு பிளாக்பர்னின் கையுறையும் கடலுக்குள் போய்விட்டது.

அப்புறம் அவர் செய்ததுதான் இன்னும் என் மண்டைக்குள்ளேயே நிற்கிறது. விரல்கள் உறையப்போவது உறுதி என்று தெரிந்ததும், அவற்றைத் துடுப்பின் கைப்பிடியைச் சுற்றி வளைத்தே வைத்துக்கொண்டார். உறைந்தால் அந்த வடிவத்திலேயே உறையட்டும், கொக்கி மாதிரி மாட்டித் துடுப்பு வலிக்கலாமே என்று. வெல்ச் படகிலேயே இறந்துபோனார். பிளாக்பர்ன் அவர் உடலோடு வலித்துக்கொண்டே போய், ஐந்தாம் நாள் நியூஃபவுண்ட்லாந்துக் கரையைத் தொட்டார். உயிர் தப்பியது, விரல்கள் அத்தனையும் போயின. அந்தக் கையோடு 1899-லும் 1901-லும் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடந்தார் மனுஷன்.

ஒரு ஜோடி கம்பளி உறையின் விலை என்ன என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லலாம்.

அணை கட்டினார்கள், குளிர்கால மீன் வந்தது

மறுபடி ஃப்ளை ஃபிஷிங்குக்கு வருவோம். 1960-கள் வரை அமெரிக்காவில் குளிர்கால ஃப்ளை ஃபிஷிங் சில பேருடைய கிறுக்குத்தனம்தான். அதைப் பெரிதாக்கியவை அணைகள். உதாரணத்துக்கு நியூ மெக்சிகோவில் சான் ஹுவான் நதியின் மேல் 1962-ல் கட்டி முடித்த நவாஹோ அணை. ஆழமான அணையின் அடியிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் கோடையில் சூடாகாது, குளிர்காலத்தில் உறையாது. டிரவுட் மீனுக்கு வருஷம் முழுக்க ஏசி ரூம்! குளிரிலும் மீன் தின்னும். ஆனால் தின்பது கொசு அளவே உள்ள மிட்ஜ் பூச்சிகளை. அதுக்கேற்ற போலிப் பூச்சி அரிசி மணியைவிடச் சின்னது. அதை விறைத்த விரலால் கட்ட வேண்டும். கையுறைப் பிரச்னை சூடு பிடித்தது இங்கேதான் (வேற வார்த்தை கிடைக்கலை!).

அதே சமயத்தில் ஆய்வகங்களும் களத்தில் இறங்கின. நியோப்ரீன் ரப்பரை 1930-ல் டூபாண்ட் கண்டுபிடித்தது. 1969-ல் பாப் கோர் கண்டறிந்த கோர்-டெக்ஸ், வெளியிலிருந்து தண்ணீரை விடாது, வியர்வை ஆவியை வெளியே விடும். 1979-ல் மால்டன் மில்ஸின் ஃப்ளீஸ் துணி வந்தது. எல்லோருடைய கனவும் ஒன்றுதான்: தண்ணீர் புகாத கையுறை.

ஆனால் மணிக்கட்டு என்று ஒன்று இருக்கே! மீனை விட கையைத் தண்ணீருக்குள் விட்டால், மேல் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். தண்ணீர் புகாத கையுறைக்குள் புகுந்த தண்ணீர் வெளியேயும் போகாது. வாளிக்குள் கையை விட்ட மாதிரிதான்.

இந்த இடத்தில்தான் ஹ்யூ பிராட்னர் வருகிறார். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த இயற்பியலாளர். 1951 வாக்கில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்துகொண்டு, கடலில் மூழ்குபவர்களுக்கு எப்படிக் குளிராமல் செய்வது என்று யோசித்தார். அதுவரை எல்லோரும் உடம்பைக் காய்ந்த நிலையில் வைக்கத்தான் போராடிக்கொண்டிருந்தார்கள். பிராட்னர் கேட்டது: ஏன் காயணும்? வெப்பத்தைக் காப்பது துணிக்குள் இருக்கும் வாயுக் குமிழ்கள்தானே? குமிழ் இருந்தால் போதும், ஆள் நனையலாம். நுரை நியோப்ரீனில் வெட்சூட் பிறந்தது அப்படித்தான்.

மெய்ன் மீனவரின் பிழிந்த கம்பளி நினைவுக்கு வருதா? அதே தத்துவம்! எங்க தொழிலில் ப்ரோகிராம் தப்பாகப் போவதைவிட ரெக்வயர்மெண்ட் தப்பாக இருப்பதுதான் பெரிய ஆபத்து. "கை காய்ந்திருக்க வேண்டும்" என்பது தப்பான ரெக்வயர்மெண்ட். "கை வேலை செய்ய வேண்டும்" என்பதுதான் சரி. பள்ளிக்கூடம் பார்க்காத மீனவர்கள் அதை அனுபவத்தில் பிடித்தார்கள். இயற்பியல் அப்புறமாக வந்து சேர்ந்துகொண்டது.

சரி, எதைத்தான் வாங்கறது?

வரலாறு சொல்லும் பதில் இது. விரல் நுனி திறந்த கம்பளி அல்லது ஃப்ளீஸ் கையுறை, அதுவும் ஒன்றுக்கு இரண்டு ஜோடி. நனைந்ததைப் பிழிந்து மாட்டு, ரொம்ப நனைந்தால் மாற்று. இறுக்கமான அளவு வேண்டவே வேண்டாம், ரத்த ஓட்டம் போய்விடும். கம்பைச் சும்மா பிடித்துக்கொண்டு படகில் போகும்போது நியோப்ரீன் சரி. முடிச்சுப் போட அது உதவாது. பையில் ஒரு சூட்டுப்பொட்டலம். இதில் ஜப்பான்காரர்கள் கில்லாடி. 1923-லேயே பெட்ரோல் ஆவியில் வேலை செய்யும் ஹகுகின் கைச்சூட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். 1978-ல் இரும்புத்தூள் துருப்பிடிக்கும்போது வரும் வெப்பத்தில் இயங்கும் பொட்டலமும் அங்கே விற்பனைக்கு வந்தது.

அப்புறம், முக்கியமானது தலைக்குத் தொப்பியும் உடம்புக்கு நல்ல ஸ்வெட்டரும். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் மூளை முதலில் கை வைப்பது விரலுக்குப் போகும் ரத்தத்தில்தான். 'பட்ஜெட் கட்' என்றால் கடைநிலை ஊழியர் மேல்தானே விழும்? அப்போது எந்தக் கையுறையாலும் பிரயோஜனம் இல்லை. கையுறை வெப்பத்தை உண்டாக்காது, வருவதைக் காக்கும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. பிடித்த மீனை உயிரோடு திரும்ப விட வேண்டும் என்ற எண்ணம் லீ வுல்ஃப் 1939-ல் எழுதிய காலத்திலிருந்து மெல்லப் பரவி, இன்று பல நதிகளில் விதியாகவே இருக்கிறது. மீன் உடம்பின் வழவழப்புதான் அதற்குக் கிருமியைத் தடுக்கும் கவசம். கம்பளிக் கையுறையோடு பிடித்தால் அந்தக் கவசம் கையுறையோடு வந்துவிடும். அதனால் மீன் கரைக்கு வந்ததும் கையுறையைக் கழற்றி, வெறும் கையைப் பனித்தண்ணியில் நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றிவிடுவது உத்தமம். செவுள் உறைந்துவிடும்.

இத்தனை பாடுபட்டுச் சூடாக வைத்த கையை, அந்த மீனுக்காக ஒரு நிமிஷம் விறைக்க விடணும். அந்த ஒரு நிமிஷம் தாங்குற அளவுக்குக் கையில் சூடு மிச்சம் இருந்தா, நீங்க வாங்கினது நல்ல கையுறை.

கொசுறு: கனடாவின் பெரிய மீன்பிடி எழுத்தாளர் ராடெரிக் ஹெய்க்-பிரவுன் 1954-ல் 'மீன்பிடிப்பவனின் குளிர்காலம்' என்று அர்த்தம் வரும் தலைப்பில் ஒரு புத்தகம் போட்டார். ஆகா, குளிருக்கு டிப்ஸ் கிடைக்கும் என்று ஆசையாகத் தேடிப் போனேன். அந்தக் குளிர்காலத்தில் மனுஷன் போனது சிலிக்கும் அர்ஜெண்டினாவுக்கும். அங்கே அப்போ கோடை! கையுறைப் பிரச்னைக்கு இதைவிட நல்ல தீர்வு இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க :-)