சிலாபத்தில் ஒரு வரி, கொழும்பில் ஒரு சுவிட்ச்

இணையத்தை யார் ஆளுகினம் என்று கேட்டால் எங்களில் பலர் உடனே அமெரிக்காப் பக்கம் கையைக் காட்டுவோம். அந்தப் பதிலில் பாதி எங்கட புத்தளம் மாவட்டக் கரையிலேயே இருக்கு.

2019 மே 12, ஞாயிற்றுக்கிழமை. ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து சரியாக மூன்று வாரம். சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பதுதான் அதன் பொருள். பயந்து போயிருந்த ஊரில் சிலர் அதை அடுத்த தாக்குதலுக்கான மிரட்டலாக வாசித்தார்கள். பள்ளிவாசலுக்கும் கடைகளுக்கும் கல் விழுந்தது. எழுதியவர் கைதானார், ஊரடங்கு வந்தது.

மறுநாள் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் உட்படப் பல தளங்களை நாடு முழுக்க முடக்கியது. கலவரம் நின்றதா? அன்றைக்கே அது குளியாப்பிட்டிய, மினுவாங்கொட வரைக்கும் பரவியது. இதே மாவட்டத்தின் கொட்டாரமுல்லவில் ஒரு முஸ்லிம் தச்சுத் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார்.

தடை இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பயத்தை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. 2018 திகன வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனமே 2020இல் மன்னிப்புக் கேட்டது. ஆனால் 1915 கலவரத்துக்கு எந்த பேஸ்புக்கும் தேவைப்படவில்லை. வதந்திக்குக் கால் உண்டு, வாயும் உண்டு. வீபிஎன் தெரிந்தவர் தடையைத் தாண்டிப் போய்விடுவார். மாட்டிக்கொள்வது யார்? வென்னப்புவையில் இருந்து இத்தாலிக்கும் புத்தளத்தில் இருந்து வளைகுடாவுக்கும் போன பிள்ளைகளிடம் "நாங்கள் சுகம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாத வீட்டு ஆக்கள்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2022 ஏப்ரல் 3, அதே சுவிட்ச் திரும்பவும் தட்டப்பட்டது. அப்போது இனக்கலவரம் ஏதும் இல்லை. காஸும் கரண்டும் இல்லாத சனம் அரசாங்கத்துக்கு எதிராக வீதிக்கு இறங்கியிருந்தது. பாதுகாப்பு அமைச்சு கேட்டது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தடை போட்டது. எதிர்ப்பு வலுத்ததும் ஒருநாள்கூட ஆகாமல் தடையை எடுத்தார்கள். கலவரத்தை அடக்க என்று பழக்கிய கை, கேள்வி கேட்டவர்கள் பக்கம் திரும்ப மூன்று வருடம்கூட எடுக்கவில்லை.

2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. எது பொய், எது ஆபத்து என்று பார்க்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அது இடம் வைக்கிறது. சிலாபத்தின் அந்த ஒற்றை வரியை இந்த ஐந்து பேர் எப்படி வாசித்திருப்பார்கள்?

இணையத்துக்கு ஒழுங்கே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தடை போடுகிறவர் யார், எந்தச் சட்டத்தில், எத்தனை நாளுக்கு, ஏன் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, அன்றைக்கே எல்லாரும் பார்க்க வெளியிட வேண்டும். கொட்டாரமுல்லவில் அன்றைக்குத் தேவைப்பட்டது பொலிஸ். வந்தது இணையத் தடை.