மாற்றியமைக்கத்தக்க துப்பாக்கிக் கட்டை

மாற்றியமைக்கத்தக்க துப்பாக்கிக் கட்டை என்பது சுடுபவரின் உடலமைப்புக்கு ஏற்ப நீளத்தையும் உயரத்தையும் கூட்டவோ குறைக்கவோ இயலும் பின்கட்டை ஆகும். பறவை வேட்டைக்கும் தட்டுச் சுடுதலுக்கும் பயன்படும் சிதறுகுண்டுத் துப்பாக்கியில் பொதுவாகப் பின்குறி இருப்பதில்லை; சுடுபவரின் கண்ணே அப்பணியைச் செய்கிறது. ஆகவே கன்னம் பதியும் மேல்விளிம்பு உயர்ந்தால் குண்டுகள் மேலேயும், தாழ்ந்தால் கீழேயும் செல்லும். 16 கசத் தொலைவில், விளிம்பை 1/16 அங்குலம் உயர்த்தினால் குண்டுகள் ஏறக்குறைய 1 அங்குலம் மேலே படும்.

பொருத்தும் முறை

1963இல் வெளிவந்த ரெமிங்டன் 1100 போன்ற அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில், சுட்டபின் அடைப்பானை மீண்டும் முன்தள்ளும் சுருள்வில் கட்டையினுள் உள்ள குழாயில் அமைந்துள்ளது. ஆதலால் அந்தந்த மாதிரிக்கென வடிக்கப்பட்ட கட்டையே பொருந்தும். அதனை விருப்பம்போல் அறுத்துக் குறுக்க இயலாது.

முதலில் தோட்டாக்கள் முழுவதும் அகற்றப்பட்டனவா என்பது சரிபார்க்கப்படும். பின்னர்ப் புதிய கட்டை பொருத்தப்பட்டு, முதலில் நீளமும் அடுத்து உயரமும் சீர்செய்யப்படும். இறுதியில் காகித இலக்கில் சுட்டுக் குண்டுகள் படும் இடம் சோதிக்கப்படும். பொருந்தாத கட்டை குறியைத் தவறச் செய்வதோடு, பின்னுதைப்பால் தோளையும் கன்னத்தையும் நோகச் செய்யும்.

போட்டிகளில்

களிமண் தட்டுகளைச் சுடும் திராப் போட்டிகளில் இரட்டைக்குழல் துப்பாக்கிகளே மிகுதி. அவற்றுக்கும் இவ்விதி பொருந்தும். 2023இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆண்கள் அணிப் பிரிவில் தங்கம் வென்ற இந்திய அணியில், புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் இடம்பெற்றிருந்தார்.