கல்லூரியிலிருந்து களத்திற்கு: ஆர்தர் ஆஷ் வரலாறு

விளையாட்டு வீரர் ஒருவரின் பெருமையை அவர் வென்ற கோப்பைகளைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. கோப்பைகளை நீக்கி நோக்கினும் ஒளி குன்றாத வரலாறுகள் சில உண்டு. அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷின் வரலாறு அத்தகையது. கல்லூரி மாணவராகப் புகழெய்தி, பின்னர்த் தொழில்முறை ஆட்டக்காரராக உலகை வலம்வந்த அவர், தம் ஆட்டத்தை எதற்குக் கருவியாகக் கொண்டார் என்பதை ஈண்டுக் காண்போம்.

ஆஷ் 1943-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான ரிச்மண்டில் பிறந்தார். தந்தையார் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட புரூக்ஃபீல்டு பூங்காவின் காவலர். பூங்காவினுள்ளேயே குடியிருப்பு, அருகிலேயே டென்னிஸ் தளங்கள். ஆறு வயதில் அன்னையை இழந்த சிறுவனுக்கு அத்தளங்களே துணையாயின. ரான் சாரிட்டி என்னும் இளைஞர் மட்டை பிடிக்கக் கற்பித்தார். பின்னர் லிஞ்ச்பர்க் நகர மருத்துவர் ராபர்ட் வால்டர் ஜான்சன் கோடைதோறும் பயிற்சி அளித்தார். மாணாக்கர்க்கு அம்மருத்துவர் விதித்த நெறி கடுமையானது. கோட்டுக்கு இரண்டு அங்குலம் வெளியே விழுந்த பந்தையும் திருப்பி அடித்தல் வேண்டும். நடுவரோடு வாதிடல் கூடாது. வெள்ளையர் அரங்கில் நுழையும் கறுப்பினச் சிறுவன்மீது குறைகூற எவர்க்கும் இடந்தரலாகாது என்பதே அந்நெறியின் உட்கருத்து.

நிறவேற்றுமை ஆட்சி செய்த ரிச்மண்டில், வெள்ளையர்க்குரிய தளங்களில் அவர் ஆட இயலவில்லை. எனவே பள்ளி இறுதியாண்டில் பிறந்த ஊரைவிட்டுச் செயின்ட் லூயிஸ் நகர் சென்று பயின்றார். அங்கிருந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் உதவித்தொகை அளித்து அவரை ஏற்றுக்கொண்டது. பிறந்த ஊர் அடைத்த கதவை அயலூர் திறந்தது. வாழ்வு தேடி வேற்றூர் வந்த நம்மனோர்க்கு இது புதிய செய்தி அன்று.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வீரர்களின் கல்விச் செலவை ஏற்கின்றன; வீரர்களோ பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடுவதோடு தேர்விலும் தேறவேண்டும். ஆஷ் இரண்டிலும் சோர்ந்தாரில்லை. 1963-இல் டேவிஸ் கோப்பை அமெரிக்க அணியில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவர் ஆனார். 1965-இல் தேசியக் கல்லூரிப் போட்டிகளில் ஒற்றையர், இரட்டையர் பட்டங்களை வென்றார். அவருடைய பல்கலைக்கழக அணியும் வாகை சூடியது. 1966-இல் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்று, அதன்பின் இராணுவத்தில் அதிகாரியாகப் பணிபுரிந்தார்.

அக்காலத்து டென்னிஸ் உலகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. விம்பிள்டன், டேவிஸ் கோப்பை முதலியன ஊதியம் பெறாத ஆட்டக்காரர்க்கே உரியவை. பணம் பெற்று ஆடுவோர்க்கு அங்கே இடமில்லை. நம் இராமநாதன் கிருஷ்ணன் தொழில்முறை அழைப்பு வந்தும் ஏற்காது, இந்தியாவுக்காகத் தொடர்ந்து ஆடியதன் பெருமையை இப்பின்னணியிலேயே உணர்தல் வேண்டும். இப்பிரிவினை 1968-இல் நீங்கியது. அவ்வாண்டு நடந்த முதல் அமெரிக்கத் திறந்தநிலைப் போட்டியின் இறுதியாட்டத்தில், ஆஷ் ஹாலந்து நாட்டு டாம் ஆக்கரை ஐந்து செட்களில் வென்றார். ஆயினும் ஊதியம் பெறாத ஆட்டக்காரராகவே நீடித்தமையால் 14,000 டாலர் பரிசு அவருக்கு உரியதாகவில்லை. தோற்ற ஆக்கரே அதனைப் பெற்றார். வென்றவர்க்குக் கிட்டியது நாளொன்றுக்கு 20 டாலர் செலவுப்படி மட்டுமே!

1970-இல் ஆஸ்திரேலியப் பட்டத்தை வென்ற ஆஷ், அவ்வாண்டே தொழில்முறைச் சுற்றுப்பயணத்திற்கு ஒப்பந்தம் செய்தார். வாரந்தோறும் ஒரு நகரம், நாள்தோறும் ஓர் எதிரி என்னும் வாழ்க்கை அது. அதனிடையிலும் பொதுநலம் மறந்தாரில்லை. 1972-இல் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தை நிறுவியோருள் ஒருவராய், 1974-இல் அதன் தலைவரும் ஆனார். நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா அவருக்கு நுழைவுரிமை மறுத்தது. பன்முறை முயன்று 1973-இல் இசைவு பெற்றார். பார்வையாளரிடையே நிறப்பிரிவு கூடாதென்பது அவர் விதித்த நிபந்தனை. அங்கே இரட்டையர் பட்டத்தை வென்றபோது அவருடைய இணையாக ஆடியவர், முன்பு பரிசுத்தொகையைப் பெற்றுச்சென்ற அதே டாம் ஆக்கர்.

1975-ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதியாட்டம் அவர் புகழின் சிகரம். எதிரே நின்ற ஜிம்மி கானர்ஸ் 22 வயது இளைஞர். விரைந்துவரும் பந்தை இருமடங்கு விரைவாகத் திருப்புபவர். ஆஷுக்கோ 32 நிறைய ஐந்து நாள்களே இருந்தன. வலிமையை வலிமையால் எதிர்த்தல் பயனில்லை எனத் தெளிந்த அவர், தம் இயல்பான அதிரடி ஆட்டத்தைக் கைவிட்டு, விரைவற்ற தாழ்ந்த பந்துகளை அனுப்பி எதிரியைத் தடுமாறச் செய்தார். 6-1, 6-1, 5-7, 6-4 என வென்று, விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் பெற்ற முதற் கறுப்பின ஆண் ஆனார். அன்று வென்றது தோள்வலியினும் அறிவே எனலாம்.

1979-இல் இதயநோய் தாக்கியது. மறு ஆண்டே ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். களத்தையே வாழ்வாகக் கொண்டவர்க்கு அஃது இருள்சூழ்ந்த காலமாயிருக்கும். கல்வியைத் துணைக்கொண்ட ஆஷ் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் தொண்டு தொடர்ந்தார். கல்லூரியில் பாடம் நடத்த முற்பட்டபோது கறுப்பின விளையாட்டு வீரரைப் பற்றிய முழுமையான நூல் இல்லாமை கண்டு, தாமே ஆராய்ந்து 1988-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அறுவைச் சிகிச்சையின்போது ஏற்றப்பட்ட குருதியால் நேர்ந்ததாகக் கருதப்படும் எய்ட்ஸ் நோய்க்கு ஆளாகி, 1993-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் மறைந்தார்.

1977-இல் அவர் கறுப்பினப் பெற்றோர்க்கு நாளிதழ் வாயிலாக ஒரு திறந்த மடல் வரைந்திருந்தார். தொழில்முறை வீரராக உயர்வோர் மிகச் சிலரே; எனவே பிள்ளைகளை நூலகங்களுக்கு அனுப்புங்கள்; ஆடுகளத்தில் கழியும் ஒரு மணிக்கு நூலகத்தில் இரண்டு மணி செலவிடச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். களத்தின் உச்சியில் நின்றவரே இதனைக் கூறினார் என்பது எண்ணத்தக்கது. அவரை ஆடவிடாத ரிச்மண்டிலேயே 1996-இல் அவருக்குச் சிலை எழுந்தது. சிறுவர் சூழ நிற்கும் அவ்வுருவத்தின் ஒரு கையில் மட்டை. மறு கையில் நூல்கள். நூல்கள் ஏந்திய கையே உயர்ந்து நிற்கிறது.

நம் மக்களை மாலைதோறும் ஆடுகளத்திற்கு அனுப்புவோம். ஓடட்டும், ஆடட்டும், வெல்லட்டும். அவ்விரு கைகளில் எது உயர்ந்திருந்தது என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வைப்போமாக.