வண்டி எவ்வளவு குடுக்கு?

தென்காசி பக்கம் யாராவது புது வண்டி வாங்கிட்டு வந்து தெருவில நிறுத்தினா, விலையைக் கேட்கிறதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி வரும்: "எவ்வளவு குடுக்கு?" லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுதுன்னு அர்த்தம். பால்மாடு வாங்கிட்டு வந்தாலும் இதே கேள்விதான். மாடு லிட்டர் கணக்குல கொடுக்கும், வண்டி லிட்டர் கணக்குல குடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய வண்டியைத் தள்ளிவிட்டு மைலேஜ் வண்டிக்கு மாறுறது, ஷோரூம்காரங்க எக்ஸ்சேஞ்ச் மேளா போட ஆரம்பிச்ச பிறகு வந்த பழக்கம்னு டவுன்ல இருக்கிற நீங்க நினைக்கலாம். எங்க பக்கத்துல இது நூறு வருஷத்துக்கு மேலான கதை. அதுல முதல்ல வர்ற வண்டி பெட்ரோலே குடிக்காது.

ஆரியங்காவு கணவாய் வழியா கிழக்குச் சீமைக்கும் மலையாளத்துக்கும் சரக்கு ஏத்தி இறக்கினது மாட்டு வண்டிதான். செங்கோட்டை அப்போ திருவிதாங்கூர் ராஜ்யத்தில இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோட சேர்ந்தது. 1904-ல கொல்லம் - செங்கோட்டை ரயில் பாதை திறந்ததும் மலை ஏறுற வேலை கொஞ்சம் கொஞ்சமா கரி எஞ்சினுக்குப் போச்சு. ஆனா வயலுக்கும் களத்துக்கும், களத்துக்கும் சந்தைக்கும், ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவுல வண்டி மாடுதான் ஓடுச்சு. சீசனுக்கு வர்றவங்ககூட தென்காசி ஸ்டேஷன்ல இறங்கி, வண்டி பிடிச்சுத்தான் குற்றாலம் போவாங்க.

மாட்டு வண்டிக்கு மைலேஜ் பார்க்க முடியுமா? முடியும். அதுக்கு எரிபொருள் வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை. பெரும்பகுதி நம்ம வயல்லயே விளையுறது. தின்னதுல ஒரு பங்கு சாணியாகி எருக்குழிக்குத் திரும்பி வந்திடும். அந்தச் செலவுல ஊரை விட்டுப் போற காசு கொஞ்சம்தான். ஆனா இந்த எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. ஓடாத நாளும் தின்னும். மழை பெய்ஞ்சு வண்டி பூட்டாத நாள்லயும் ரெண்டு மாட்டுக்கும் தீவனம் வைக்கணும். கோடையில படப்பு கரைஞ்சிட்டா வைக்கோலைக் காசு கொடுத்து வாங்கணும். வண்டி மாடு வைச்சிருந்த சம்சாரிங்க பட்ட கஷ்டம் அதுதான்.

அதனால முதல் மாற்றம் சக்கரத்துல வந்தது. மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்ட கட்டை வண்டி, மண் ரோட்டுல தடம் விழுந்து புதையும், தார் ரோட்டைக் கொத்தும். குண்டு குழியில இறங்குற அதிர்ச்சி எல்லாம் மாட்டோட கழுத்துலதான் இறங்கும். லாரி, ஜீப்பில இருந்து கழட்டின பழைய அச்சையும் டயரையும் மாட்டி டயர் வண்டி செஞ்சதும், அதே ஜோடி மாடு கூடுதல் பாரத்தைக் குறைஞ்ச பாட்டுல இழுத்துச்சு. பெங்களூர் ஐ.ஐ.எம். இயக்குநரா இருந்த பேராசிரியர் என்.எஸ். ராமசுவாமி 1970-களின் கடைசியில மாட்டு வண்டியை மட்டுமே எடுத்து ஆராய்ச்சி பண்ணி, சக்கரத்தையும் நுகத்தடியையும் திருத்தினாலே மாட்டோட சக்தி பெருமளவு மிச்சமாகும்னு விடாம சொல்லிட்டு வந்தார். நாட்டுல மைலேஜ் ஆராய்ச்சின்னு ஒண்ணு நடந்திருந்தா அதுல இதையும் சேர்க்கணும்.

அடுத்த பாடம் ரெண்டாம் உலகப் போர்ல கிடைச்சது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் பஸ்ஸெல்லாம் கரிக்கு மாறுச்சு. பஸ்ஸுக்குப் பின்னால உருளை மாதிரி ஒரு அடுப்பு. அதுல கரியைப் போட்டு, காத்தைக் குறைச்சு விட்டு அரைகுறையா எரிய விட்டா கார்பன் மோனாக்சைடு வரும். அதை வடிகட்டி எஞ்சினுக்குள்ள விடணும். காலையில அடுப்பு மூட்டி, விசிறி சுத்தி, கேஸ் வந்த பிறகுதான் பஸ் கிளம்பும். ஏத்தம் வந்தா மூச்சு வாங்கும்; பயணிகள் இறங்கித் தள்ளணும். இந்த கேஸ் பிளான்ட்டைத் தமிழ்நாட்டுல செஞ்சு பேர் வாங்கினவங்கள்ல ஒருத்தர் நம்ம சீமைக்காரர்தான். திருக்குறுங்குடியில 1877-ல பிறந்து, 1912-ல பஸ் ஓட்ட ஆரம்பிச்ச டி.வி. சுந்தரம் ஐயங்கார். போர் முடிஞ்சு பெட்ரோல் வந்ததும் அடுப்பைக் கழட்டிப் போட்டுட்டாங்க. விலை ஏறினா சிக்கனம், இறங்கினா மறதி. இந்தப் பழக்கமும் பழசுதான்.

பெட்ரோல் தட்டுப்பாடு மறுபடியும் பெருசா வந்தது 1973-ல. அக்டோபர்ல மேற்கு ஆசியாவுல போர். கச்சா எண்ணெய் பீப்பாய் 3 டாலர் பக்கம் இருந்தது, 1974 ஜனவரியில கிட்டத்தட்ட 12 டாலர். 1973 நவம்பர்ல டெல்லியில வாஜ்பாய், விலை உயர்வை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு மாட்டு வண்டியில வந்தார். பத்திரிகைக்காரங்களுக்கு அது நல்ல படம். எங்க பக்கத்து சம்சாரிக்கு அது தினப்படி வாழ்க்கை; அவன் இன்னும் வண்டியை விட்டு இறங்கவே இல்ல.

அன்னைக்குக் கிராமத்துல மோட்டார் சைக்கிள்னா அது மிராசுக்கும் காண்ட்ராக்டருக்கும்தான். புல்லட், ஜாவா, ராஜ்தூத். சென்னை திருவொற்றியூர்ல 1955-ல இருந்து வந்த புல்லட்டுக்கு இங்க தனி மரியாதை. அது வர்ற சத்தத்தை வைச்சே ஆள் யாருன்னு சொல்லிடுவாங்க. ஆனா லிட்டருக்கு 30-ஐ ஒட்டித்தான் குடுக்கும். மரியாதையைக் கட்டிக்காக்க பெட்ரோல் ஊத்தி முடியாம, திண்ணையோரம் சாக்கு போட்டு மூடி நின்ன புல்லட் எத்தனையோ. சிலர் எஞ்சினை மட்டும் இறக்கிட்டு டீசல் எஞ்சின் ஏத்தினாங்க. பிறகு கம்பெனியே 325 சி.சி. டீசல் புல்லட் விட்டது. லிட்டருக்கு 70-க்கு மேல குடுத்துச்சு. வேகம் கிடையாது, நடுக்கம் உண்டு, புகை உண்டு. புகைக் கட்டுப்பாடு இறுகினதும் அதுவும் போச்சு.

உண்மையான மாற்றம் 1980-ல ஓசூர்ல இருந்து வந்தது. டி.வி.எஸ். 50. இந்தியாவுல ரெண்டு பேர் உட்காரக்கூடிய முதல் மொபெட். லிட்டருக்கு 50-க்குக் குறையாம ஓடும். சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவன் அரை நாள்ல பழகிடலாம். அடுத்து 1984-ல இண்ட்-சுசுகி, 1985-ல யமஹா ஆர்.எக்ஸ். 100, அதே வருஷம் ஹீரோ ஹோண்டா சி.டி. 100. கடைசியா சொன்னது ஃபோர் ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக் எஞ்சின்ல உள்ள போற புது பெட்ரோல்ல ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியா வெளியே ஓடிடும், பெட்ரோலோட ஆயிலும் கலக்கணும். ஃபோர் ஸ்ட்ரோக்ல அந்த ரெண்டு தொல்லையும் இல்ல. அதுல இருந்துதான் 80, 85-னு எண்ணைச் சொல்லி வண்டி விக்கிற காலம் ஆரம்பிச்சது.

இங்க கொஞ்சம் நின்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 100 கிலோமீட்டர் ஓட, 25 குடுக்கிற வண்டிக்கு 4 லிட்டர் வேணும். 50 குடுக்கிற வண்டிக்கு 2 லிட்டர். மிச்சம் 2 லிட்டர். அதுக்குப் பிறகு 50-ல இருந்து 75-க்கு மாறினா? 2 லிட்டர் 1.33 ஆகும். மிச்சம் முக்கால் லிட்டர்கூட இல்ல. ரெண்டு தடவையும் மைலேஜ் கூடினது 25 தான். ஆனா முதல் மாற்றத்துல கிடைச்ச லாபம் மூணு பங்கு. 1980-கள்ல புல்லட்டை வித்து மொபெட் வாங்கினவங்களுக்கு வீட்டுச் செலவே மாறினதுக்கும், இன்னைக்கு 55 வண்டியைக் கொடுத்து 65 வண்டி வாங்குறவங்களுக்கு மாசக் கடைசியில பெருசா ஒண்ணும் தெரியாததுக்கும் காரணம் இந்த வகுத்தல் கணக்குதான்.

இன்னொரு விஷயம். இங்கிலாந்துல ஜெவோன்ஸ்னு ஒரு பொருளாதார அறிஞர் 1865-ல நிலக்கரியைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். எஞ்சின் சிக்கனமானா கரிச் செலவு குறையும்னு ஊரே நம்பினப்போ, கூடத்தான் செய்யும்னு சொன்னவர். ஸ்காட்லாந்துல ஒரு டன் இரும்புக்கு ஆகிற கரி மூணுல ஒரு பங்குக்கும் கீழ இறங்கிச்சு. ஆனா 1830-க்கும் 1863-க்கும் இடையில மொத்தக் கரிச் செலவு பத்து மடங்கு ஆச்சுன்னு எடுத்துக் காட்டினார். மலிவானா நிறையப் பயன்படுத்துவோம், அவ்வளவுதான் சூத்திரம்.

அவர் சொன்னது எங்க ஊர்ல அப்படியே நடந்தது. மாட்டு வண்டி காலத்துல பாவூர்சத்திரம் சந்தைக்குப் போறது ஒரு நாள் வேலை. நாலு வீட்டுக் காய் ஒரு வண்டியில போகும். எக்ஸ்எல் வந்ததும் ஒவ்வொருத்தரும் தன் மூட்டையைத் தானே கொண்டு போறாங்க. டீ குடிக்கக்கூட மெயின் ரோட்டுக்கு வண்டி. குற்றாலத்துக்கு வருஷத்துக்கு ஒருதடவை வந்து தங்கிக் குளிச்சவங்க, இப்போ சாரல் விழுதுன்னு போன்ல பார்த்தா திருநெல்வேலியில இருந்து காலையில வந்து, ஐந்தருவியில தலையை நனைச்சிட்டு, சாயங்காலம் வீடு திரும்புறாங்க. சீசன்ல நாலு தடவை. லிட்டருக்கு ஓடுற தூரம் கூடுச்சு, ஆனா மாச பெட்ரோல் காசு குறையல.

இதை நஷ்டம்னு மட்டும் சொல்ல மாட்டேன். அந்தக் கூடுதல் ஓட்டத்துலதான் பால் கெட்டுப்போகாம டவுனுக்குப் போச்சு. பிரசவ வலி வந்தவங்க ராத்திரியில தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போக முடிஞ்சது. பஸ் வராத ஊர்ல இருந்து பொம்பளப் பிள்ளைங்க காலேஜுக்குப் போனாங்க. சந்தை விலையை நேர்ல பார்த்த பிறகு, தோட்டத்துக்கு வந்து வாய்க்கு வந்த விலை சொல்ற வியாபாரிகிட்ட சம்சாரி நிமிர்ந்து பேசினான். மிச்சமான பெட்ரோல் எங்களுக்கு வழியைத் திறந்துவிட்டுச்சு. ஆனா முன்னால வைக்கோலா தொழுவத்துல சுத்தின செலவு, இப்போ தினமும் பங்க் வழியா ஊரை விட்டு வெளியே போகுது. தொழுவம் காலியானதும் எருவையும் மூட்டையில விலைக்கு வாங்குறோம். மாட்டு வண்டியை வித்தப்போ இதை யாரும் விலையில சேர்த்துக் கணக்குப் பார்க்கல.

இப்போ அடுத்த மாற்றத்துக்கு எங்களைக் கூப்பிடுறாங்க. 2021-ல பழைய வாகனங்களை உடைக்கிற கொள்கை வந்தது. 2022 ஏப்ரல்ல இருந்து, 15 வருஷம் தாண்டின இருசக்கர வண்டியோட பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாய் இருந்த கட்டணம் 1000 ஆச்சு. எக்ஸ்எல்லே 2015-ல ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிடுச்சு. என் வீட்டுல நிக்கிறது பழைய டூ ஸ்ட்ரோக். "இன்னும் இதையா வைச்சிருக்கீரு, மாத்தும் அண்ணாச்சி"ன்னு போறவன் வர்றவன் எல்லாம் சொல்றான்.

கணக்கு இப்படி. வயலுக்கும் சந்தைக்குமா மாசம் 360 கிலோமீட்டர் ஓட்டுறேன். பழசு 45 குடுத்தா 8 லிட்டர். புதுசு 60 குடுத்தா 6 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வைச்சா மாசம் 200 ரூபாய் மிச்சம். பழசைக் கொடுத்தது போக கையில இருந்து 42,000 போடணும்னா, அந்தக் காசு திரும்ப வர 210 மாசம், பதினேழரை வருஷம். ஆயில் செலவு, மெக்கானிக் செலவைச் சேர்த்தா கொஞ்சம் குறையும். அதே வண்டியில தினமும் 60 கிலோமீட்டர் பால் ஊத்தப் போறவருக்கு மாசம் 10 லிட்டர், 1000 ரூபாய் மிச்சம். மூணரை வருஷத்துல போட்டது வந்திடும். அவர் மாத்தணும், நாளைக்கே மாத்தணும். அவர் வண்டிப் புகை தெருவுல குறையுறது எல்லாருக்கும் லாபம்.

அதனால டவுன் நண்பர்களே, எக்ஸ்சேஞ்சுக்குப் போறதுக்கு முன்னால "எவ்வளவு குடுக்கு?"ன்னு வண்டியைக் கேளுங்க. கூடவே "எவ்வளவு ஓட்டுறேன்?"னு உங்களையும் கேட்டுக்கோங்க. என்னைக் கேட்டா, என் எக்ஸ்எல்லுக்கு இந்த வருஷம் செயினும் பிரேக்கும் புதுசா மாட்டியிருக்கேன். 42,000-ல ஒரு கறவை மாடு வாங்க முடியுமான்னு விசாரிச்சிட்டு இருக்கேன். அதுவும் லிட்டர் கணக்குதான், ஆனா கொடுக்கிற கணக்கு. எருவும் திரும்பத் தொழுவத்துக்கு வந்திடும்.