பேரேட்டில் இல்லாதவர்கள்

ரோண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். சில ஆண்டுகளுக்குள் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் ஒரு கருவியை அமைத்துவிட்டார். காலை எட்டு மணிக்குக் கல்லூரிக்கு வந்தால் கதிர் வேலை செய்வதைப் பார்க்கலாம் என்று தாகூருக்கு அவர் கடிதம் எழுதினார். முதுகு முறிந்த ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டியிருக்கிறது, டாக்டர் நீல்ரத்தன் சர்க்கார் கேட்டதைத் தட்ட முடியவில்லை என்றும் அதில் இருக்கிறது. எழுதியவர், பெற்றவர், கேட்டவர் மூவரும் வரலாற்றில் இருக்கிறார்கள். சர்க்கார் பெயரில் சியால்தாவில் மருத்துவக் கல்லூரியே நிற்கிறது. கதிரை உடம்பில் வாங்கிக்கொண்டவர் மட்டும் 'ஒரு நோயாளி'.

இந்தக் கல்கத்தாவில் எக்ஸ்ரே டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் தொழிலின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆளைத்தான் தேடுகிறேன்.

ஆரம்பகாலக் குழாய்கள் ஒரு நாளைப் போல மறுநாள் இருக்காது. கதிர் எவ்வளவு ஊடுருவுகிறது என்று பார்க்க, இயக்குபவர் தன் கையையே திரைக்கு முன் நீட்டுவார். தோல் சிவக்கும், புண்ணாகும், கடைசியில் விரல்கள் போகும். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி 1904-ல் கதிரால் வந்த புற்றுநோயில் இறந்தார். 1936-ல் ஹாம்பர்க்கில் இப்படிப் பலியானவர்களுக்கு நினைவுக்கல் நட்டபோது அதில் 169 பெயர்கள் இருந்தன. எல்லாம் இந்தத் தொழிலில் இருந்தவர்கள். அதனால் கதிரை எண்ணும் பழக்கமும், 1928-ல் ஸ்டாக்ஹோமில் அமைந்த பாதுகாப்புக் குழுவின் விதிகளும் எங்களைச் சுற்றியே வளர்ந்தன.

எனக்குக் கிடைத்த பாதுகாப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பிவிட்டுப் புதியதை மாட்டுவோம். உள்ளே இருக்கும் வில்லைகளைச் சூடாக்கினால், வாங்கிய கதிருக்கு ஏற்ப ஒளி விடும். அதை அளந்து பேரேட்டில் ஏற்றுவார்கள். ஐந்தாண்டுச் சராசரி வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது.

நான் படம் எடுத்த பாங்குரா விவசாயிக்கு? நோயாளிக்கு வரம்பு கிடையாது, அது சரிதான். உயிருக்குப் போராடுபவரிடம் 'உங்கள் அளவு தீர்ந்துவிட்டது' என்று எந்த டாக்டர் சொல்வார்? ஆனால் வரம்பு வேண்டாம் என்றது, கணக்கே வேண்டாம் என்று ஆகிப்போனது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

1950களில் இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட், குழந்தைகளின் புற்றுநோய்க்குக் காரணம் தேடினார். தாய்மார்களைத்தான் கேட்க வேண்டியிருந்தது: கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுத்தார்களா? அவர்கள் ஞாபகம்தான் பதிவேடு. எடுத்திருந்தால், குழந்தை புற்றுநோயில் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு என்று அதிலிருந்து தெரிந்தது. அதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளவே பல வருஷம் ஆனது.

இங்கே பதிவேடு என்பது நோயாளியின் பிளாஸ்டிக் பை. ஒரு ஃபிலிம் மாவட்ட ஆஸ்பத்திரியில் எடுத்தது, ஒன்று தனியார் சென்டரில். நான் தமிழன் என்று தெரிந்ததும் வேலூர் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று விசாரித்தவர்கள் ஏராளம். அதே பையோடுதான் ஹவுராவில் ரயிலேறுவார்கள். மழையில் ஃபிலிம் ஒட்டிக்கொண்டால் மறுபடியும் ஸ்கேன். நெஞ்சு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட்டைக்கூட எட்டாது, வயிற்று சி.டி. ஒன்றே 8, 10 வரை போகும்.

2006-ல் சர்வதேச அணுசக்தி முகமை, நோயாளிக்கும் கதிர்க் கணக்கு அட்டை வேண்டும் என்று ஒரு திட்டம் தொடங்கியது. அதில் முன்நின்றவர் நம் நாட்டு இயற்பியலாளர் மதன் ரெஹானி. பிற்பாடு அவரும் சகாக்களும் 324 மருத்துவமனைகளில் சி.டி. எடுத்த 25 லட்சம் பேரின் கணக்கைக் கூட்டினார்கள். 100 மில்லிசீவர்ட்டைத் தாண்டியவர்கள் 33,000-க்கும் மேல். கூட்டிப் பார்த்ததால் தெரிந்தது.

நம் ஊர் சி.டி. மெஷினும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் டி.எல்.பி. என்ற எண்ணைத் தானே பதிகிறது. பெரியவர்களின் வயிற்று ஸ்கேன் என்றால் அதை 0.015-ஆல் பெருக்கினால் தோராயமாக மில்லிசீவர்ட்: 600 என்றால் 9. லேக் மார்க்கெட் பக்கம் தெரிந்தவர்கள் யார் ஸ்கேனுக்குப் போனாலும், ரிப்போர்ட்டோடு அந்த எண் இருக்கும் டோஸ் பக்கத்தையும் கேட்டு வாங்கச் சொல்கிறேன். தேதி, உடம்பின் பகுதி, டி.எல்.பி. மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை ஸ்கேன் எழுதும் டாக்டரிடம் முதலில் அதைக் காட்டச் சொல்கிறேன்.