கட்டைக் காலிலிருந்து கல்லூரிப் பட்டம் வரை

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அந்த எண்சாண் உடம்பையும் சுமந்து நிற்கும் காலைப் பற்றி நாம் எப்போது நினைக்கிறோம்? பெரும்பாலும் அதற்கு ஆபத்து வரும்போதுதான்.

நேயர்களே, இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது செயற்கைக் கை கால்களின் வரலாறு. இத்துறையில் இரண்டு பிரிவுகள் உண்டு. இழந்த உறுப்புக்குப் பதிலாகப் பொருத்துவதைப் புரோஸ்தெசிஸ் என்பார்கள். இருக்கின்ற உறுப்பு பலவீனப்பட்டால் அதைத் தாங்கிப் பிடிக்க அணிவிப்பது ஆர்த்தோசிஸ். போலியோவால் கால் சூம்பிய குழந்தைகள் அணியும் கேலிப்பர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இந்த வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மலேசியாவில் 2019ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே இந்த விகிதம் அதிகம். காலில் பட்ட சிறு புண் ஆறாமல், விரலில் தொடங்கி முழங்கால் வரை எடுக்க நேர்ந்தவர்களை நம் உறவுகளிலேயே பார்க்கிறோம். அவர்களில் சிலருக்குச் செயற்கைக் காலும் கிடைக்கிறது. ஆனால் போட்டால் வலிக்கிறது, புண்ணாகிறது என்று அதை அலமாரியில் வைத்துவிட்டு, சக்கர நாற்காலியிலேயே காலத்தைக் கழிப்பவர்களும் உண்டு.

கால் இருந்தும் ஏன் நடக்க முடியவில்லை? காலைச் செய்வது ஒரு வேலை என்றால், அதை ஒருவரின் உடம்புக்குப் பொருத்தி அவரை நடக்க வைப்பது வேறொரு வேலை. இந்த உண்மையை உலகம் உணர்ந்துகொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின.

கொல்லரும் தச்சரும் செய்த காலம்

செயற்கை உறுப்பு என்ற எண்ணம் மிகப் பழமையானது. போரில் காலை இழந்த விஸ்பலாவுக்கு அசுவினி தேவர்கள் உலோகக் கால் பொருத்தினார்கள் என்ற குறிப்பு இருக்கு வேதத்தில் இருக்கிறது. எகிப்தில் ஒரு பெண்ணின் பதப்படுத்தப்பட்ட உடலில், மரத்தாலும் தோலாலும் செய்த கால் பெருவிரல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதன் வயது ஏறத்தாழ 3,000 ஆண்டுகள். நம் காலத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் போலவே ஒரு விரலைச் செய்து, பெருவிரல் இழந்தவர்களை அணிந்து நடக்கச் சொல்லிச் சோதித்தார்கள். அது அழகுக்காக மட்டும் வைத்ததல்ல, நடப்பதற்கும் உதவக்கூடியது என்று தெரிந்தது.

16ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த அம்புருவாஸ் பாரே, முடிதிருத்தும் தொழிலில் தொடங்கி அரச மருத்துவராக உயர்ந்தவர். மடக்கி நீட்டக்கூடிய செயற்கைக் கை கால்களின் படங்களைத் தம் நூல்களில் வெளியிட்டார். அவற்றைச் செய்து கொடுத்தவர் யார் தெரியுமா? பூட்டுச் செய்யும் ஒரு கைவினைஞர். இப்படித்தான் வெட்டுவது வைத்தியர், செய்வது கொல்லர் அல்லது தச்சர் என்று இரண்டும் தனித்தனியாக இருந்தன. வாங்கிய காலோடு வீட்டுக்குப் போனவர் தடுமாறி விழுந்தெழுந்து தாமே நடக்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861ஆம் ஆண்டில், ஜேம்ஸ் ஹேங்கர் என்ற 18 வயது இளைஞர் பீரங்கிக் குண்டு பட்டுக் காலை இழந்தார். கொடுத்த மரக்கால் பிடிக்காமல், பீப்பாய்ப் பலகையைச் செதுக்கித் தமக்கென்று முழங்காலில் மடங்கும் கால் ஒன்றைச் செய்துகொண்டார். பிறகு அதையே தொழிலாக்கினார். திறமை இருந்தது, வியாபாரம் இருந்தது. ஆனால் அந்தத் திறமை பட்டறையில் தந்தையிடமிருந்து மகனுக்கும், முதலாளியிடமிருந்து வேலையாளுக்கும் போனதே தவிர, வெளியே யாரும் படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

முதல் உலகப் போரில் பிரிட்டனில் மட்டும் 41,000க்கும் மேற்பட்ட வீரர்கள் கை கால்களை இழந்தார்கள். அவர்களுக்காக 1915ஆம் ஆண்டில் இலண்டனின் ரோஹாம்ப்டன் பகுதியில் தனி மருத்துவமனை ஏற்பட்டது. மரத்தின் இடத்துக்கு எடை குறைந்த உலோகம் வந்தது. என்றாலும் மனிதன் எப்படி நடக்கிறான் என்ற அடிப்படைக் கேள்விக்கு விரிவான ஆராய்ச்சி நடக்கவில்லை.

1945இல் வந்த திருப்பம்

இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 15,000 அமெரிக்க வீரர்கள் உறுப்புகளை இழந்தார்கள். ஆகாய விமானம் செய்யத் தெரிந்த நாட்டில் எங்களுக்கு ஒரு நல்ல கால் கிடைக்காதா என்று அவர்கள் குறைப்பட்டார்கள். 1945ஆம் ஆண்டு தொடக்கத்தில் மருத்துவர்களும் பொறியாளர்களும் கால் செய்பவர்களும் சிகாகோவில் ஒன்றுகூடிப் பேசினார்கள். இத்துறையில் அறிவியல் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மிகக் குறைவாகவே இருக்கிறது என்பதை அந்தக் கூட்டம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதன் விளைவாக அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் பொறுப்பில் ஓர் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது.

அந்தத் திட்டத்தில் முன்னணியில் நின்றது கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். அங்கே கட்டுமானப் பொறியியல் பேராசிரியராக இருந்த ஹோவர்ட் எபர்ஹார்ட், 1944இல் விமான ஓடுபாதைச் சோதனையின்போது நேர்ந்த விபத்தில் காலை இழந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர் வெர்ன் இன்மன் என்ற எலும்பு மருத்துவர். நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து, மனித நடையை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்கள். நடப்பவர்களைப் படம் பிடித்தார்கள். எலும்பு எவ்வளவு திரும்புகிறது என்று அளப்பதற்காகத் தொண்டர்கள் சிலர் தங்கள் எலும்பில் உலோக ஊசியைச் செருகவும் சம்மதித்தார்கள்!

இந்த ஆராய்ச்சியிலிருந்து முக்கியமான ஒன்று தெளிவானது. வெட்டுப்பட்ட காலின் மீதிப் பகுதி நுழையும் கூட்டைச் சாக்கெட் என்பார்கள். உடம்பின் எடை அந்தச் சாக்கெட்டுக்குள் எந்த இடத்தில் தாங்கப்படுகிறது என்பதில்தான் வலியும் சுகமும் இருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே சில இடங்கள் அழுத்தத்தைத் தாங்கும். சில இடங்கள் தாங்கா. அதை அறிந்து, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாரில் எடையைத் தாங்கவைக்கும் சாக்கெட்டை 1950களில் பெர்க்லியில் உருவாக்கினார்கள்.

கண்டுபிடித்துவிட்டால் போதுமா? அதைப் பட்டறைக்காரருக்கு யார் சொல்லிக் கொடுப்பது? இந்தக் கேள்விதான் தொழிற்கல்விக்கு வித்திட்டது. 1950களில் லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், சிகாகோ ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் குறுகியகாலப் பயிற்சிகள் தொடங்கின. மருத்துவர், இயன்முறைச் சிகிச்சையாளர், கால் செய்பவர் ஆகிய மூவரும் ஒரே குழுவாக உட்கார்ந்து நோயாளியைப் பார்க்க வேண்டும் என்ற முறை அங்கேதான் வேரூன்றியது. பட்டறைக்காரர் நிபுணரானார். 1970இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் இத்துறைக்கான அனைத்துலகச் சங்கம் பிறந்தது. எந்த நாட்டில் படித்தாலும் பயிற்சி இந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் பொறுப்பை அது பின்னாளில் ஏற்றது.

நம் மண்ணுக்கு ஏற்ற கால்

மேற்கே செய்த கால் எல்லாருக்கும் பொருந்தியதா என்றால், இல்லை. அது சப்பாத்துக்குள் நுழையச் செய்தது. சம்மணமிட்டு உட்காரவும், குந்தி அமரவும், வெறுங்காலோடு வயலில் இறங்கவும் வேண்டிய இந்திய விவசாயிக்கு அதனால் என்ன பயன்? இந்தக் கேள்விக்கு 1968இல் ஜெய்ப்பூரில் விடை கிடைத்தது. எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், அதிகம் படித்திராத கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் சேர்ந்து ரப்பரால் ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். அதுவே ஜெய்ப்பூர் கால். 1981இல் தமிழ்நாட்டில் நிகழ்ந்த பேருந்து விபத்தால் காலை இழந்த சுதா சந்திரன், இந்தக் காலை அணிந்து மீண்டும் பரதம் ஆடியதையும், அவர் கதை 1985இல் 'மயூரி' என்ற படமாக வந்ததையும் நம்மில் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

கேலிப்பரிலும் இப்படி ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த கார்பன் கலவைப் பொருளைக் கொண்டு, ஹைதராபாத் மருத்துவமனையில் இருந்த குழந்தைகளுக்குக் கேலிப்பர் செய்து கொடுத்ததை டாக்டர் அப்துல் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ 3 கிலோ சுமந்த குழந்தைகள் 300 கிராமோடு ஓடியதைக் கண்டு பெற்றோர் கண்கலங்கினார்கள் என்பார் அவர்.

இந்த இரண்டு வெற்றிகளிலும் மருத்துவமும் பொறியியலும் கைத்திறனும் ஒன்றுசேர்ந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அண்டை நாடு காட்டிய வழி

கண்ணிவெடிகளால் ஆயிரமாயிரம் பேர் கால்களை இழந்த நாடு கம்போடியா. போர் ஓய்ந்ததும் வெளிநாடுகளிலிருந்து உதவிகள் வந்தன. ஆனால் கொண்டுவந்து கொடுத்த கால் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். வளரும் குழந்தைக்கு அடிக்கடி புதிய கால் வேண்டும். உதவ வந்தவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டால் அதையெல்லாம் யார் செய்வது? இதை உணர்ந்து 1994இல் தலைநகர் புனோம் பென்னில் இத்துறைக்கென ஒரு கல்லூரியே தொடங்கப்பட்டது. அங்கே கம்போடிய இளைஞர்கள் மட்டுமின்றி, பிற நாட்டவரும் வந்து படித்தார்கள். 2002இல் தாய்லாந்தின் மஹிடோல் பல்கலைக்கழகத்தில் சிரிந்தோர்ன் கல்லூரி உருவானது. உள்நாட்டுப் போரால் நொந்த இலங்கையிலும் 2004இல் இப்படியொரு பள்ளி தோன்றியது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இதற்குப் பட்டப் படிப்பு உண்டு. நம் மலாயாப் பல்கலைக்கழகமும் உயிர் மருத்துவப் பொறியியலின் ஒரு பிரிவாக இத்துறைக்குப் பட்டப் படிப்பை ஏற்படுத்தியது.

உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட தர வழிகாட்டியில், உலகில் 3.5 கோடி முதல் 4 கோடிப் பேருக்கு இந்தச் சேவை தேவைப்படுவதாகக் கணக்கிட்டது. பத்தில் ஒருவருக்கே அது கிடைக்கிறது என்றும் சொன்னது. பணப் பற்றாக்குறை ஒரு காரணம். பயிற்சி பெற்றவர்கள் போதாமை அதைவிடக் குறைந்த காரணமல்ல.

ஆகவே, வீட்டில் யாருக்காவது செயற்கைக் கால் பொருத்த நேர்ந்தால், கால் என்ன விலை என்று மட்டும் கேட்காதீர்கள். பொருத்துபவர் எங்கே படித்தவர், நடைப் பயிற்சி தருவார்களா, எத்தனை முறை திரும்பப் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். முதல் சில மாதங்களில் மீதிக் கால் சுருங்குவது இயல்பு. அப்போது சாக்கெட் தளர்ந்து உராயும். அதைச் சரிசெய்யத் திரும்பிப் போக வேண்டுமே தவிர, நம் தலைவிதி இவ்வளவுதான் என்று காலைக் கழற்றி வைத்துவிடக் கூடாது. இனிப்புநீர் உள்ளவர்கள் இருக்கின்ற காலைத் தினமும் பார்த்துப் பேணுவது அதைவிட முக்கியம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை நன்றாகப் படித்தால் டாக்டர் அல்லது வழக்கறிஞர் என்று மட்டுமே நினைக்கிறோம். அறிவியலும் கைத்திறனும் இரக்கமும் ஒருங்கே உள்ள பிள்ளைக்கு இத்துறை காத்திருக்கிறது. கொல்லர் பட்டறையில் தொடங்கிய இந்தத் தொழில், நம் சமூகத்துக்கு மிகவும் தேவைப்படும் ஒரு கல்வியாக இன்று வளர்ந்து நிற்கிறது. அதைப் படிக்க நம் பிள்ளைகளும் முன்வர வேண்டும்.