ஒரு சாளரம் திறந்த கதை

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மவரில் கணிப்பொறி நிறுவனங்களில் ஊழியம் பார்ப்போர் இன்று மிகப் பலர். அவர்கள் எல்லோரும் மென்பொருள் எழுதுவோர் அல்லர். கணக்குப் பேரேட்டைக் காப்போர், ஆள் சேர்ப்போர், கொள்முதல் பார்ப்போர், வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுவோர் எனப் பல திறத்தினர் அங்கு உண்டு. இவர்களை ஒருநாள் கூட்டி வைத்து, 'இனி நாம் அஜைல் முறையில் வேலை செய்யப் போகிறோம்' என்று அறிவிக்கிறார்கள். ஸ்கிரம், ஸ்பிரின்ட், பாக்லாக் என்று சொற்கள் மழையாகப் பொழிகின்றன. கேட்பவர் தலையசைக்கிறார். விளங்கிவிட்டது என்பதற்காக அன்று. கூட்டம் முடிந்தால் போதும் என்பதற்காக.

இத்தகைய அன்பர்களுக்கு இம்முறையை எடுத்துச் சொல்லும் பொறுப்பு நமக்கும் சில முறை வாய்த்தது. அப்போதெல்லாம் அச்சொற்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, திருவனந்தபுரத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியே தொடங்கினோம்.

கரமனையிலும் சாலைக் கடைத் தெருவிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்தார் இதை நேரில் அறிவர். மின்கட்டணம் செலுத்த ஓர் அலுவலகம். குடிநீர்க் கட்டணத்திற்கு மற்றோர் அலுவலகம். வீட்டு வரிக்கு மாநகராட்சி. பிள்ளையின் தேர்வுக் கட்டணத்திற்குப் பல்கலைக்கழகம். ஒவ்வோரிடத்திலும் ஒரு வரிசை. 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கேரள அரசு திருவனந்தபுரத்தில் 'பிரண்ட்ஸ்' என்னும் பெயரில் ஒரு மக்கள் சேவை நிலையத்தைத் திறந்தது. பல துறைகளுக்குரிய கட்டணங்களை ஒரே கூரையின் கீழ், எந்தச் சாளரத்தில் வேண்டுமானாலும் செலுத்தலாம் என்பதே அதன் ஏற்பாடு. அதற்குரிய மென்பொருளை அதே நகரத்திலுள்ள அரசு நிறுவனமான ஸிடிட் ஆக்கிக் கொடுத்தது.

இதில் வியப்பதற்கு என்ன உண்டு என்று நேயர்கள் கேட்கலாம். வியப்பு சாளரத்தின் முன்புறத்தில் இல்லை; பின்புறத்தில் இருக்கிறது. முறைப்படி எண்ணுபவர் இவ்வேலையை எவ்வாறு திட்டமிடுவார்? முதலில் எல்லாத் துறைகளின் பேரேடுகளையும் கணிப்பொறியில் ஏற்ற வேண்டும். பின்பு அவற்றைக் கம்பி வழி இணைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் மக்களுக்குக் கதவைத் திறக்க வேண்டும். குறை காண முடியாத திட்டம்தான். ஆனால் அது முடியும்வரை அந்த வரிசைகளில் நிற்பவர் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

பிரண்ட்ஸ் நிலையம் துறைகளின் கணிப்பொறிகளுக்காகக் காத்திருக்கவில்லை. பணத்தைத் தன் கணிப்பொறியில் வரவு வைத்து, ரசீது கொடுத்து, அன்றன்று வந்த தொகைகளின் பட்டியலை அந்தந்தத் துறைக்கு அனுப்பியது. துறையில் இருந்தவர்கள் தம் பேரேட்டில் பழையபடி பதிந்துகொண்டார்கள். பின்புறம் பழைய காகிதம். முன்புறம் புதிய வசதி. அரைகுறை என்று இதை இகழ்வோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. கட்டணம் செலுத்த வந்த முதியவருக்கு அது முழுமையான வசதி.

இன்னொரு செய்தியும் கவனத்திற்குரியது. அச்சாளரங்களில் அமர்ந்தவர்கள் கணிப்பொறி வல்லுநர் அல்லர். அந்தந்தத் துறைகளிலிருந்தே அனுப்பப்பட்ட ஊழியர்கள். எந்த ரசீதில் எந்த எண் இல்லாவிட்டால் எந்தக் கணக்கு உதைக்கும் என்பது அவர்களுக்கே தெரியும். பின்னர் இந்நிலையங்கள் கேரளத்தின் 14 மாவட்டத் தலைநகரங்களிலும் ஏற்பட்டன. முதல் நாளிலேயே 14 இடங்களிலும் தொடங்காமல் ஓரிடத்தில் தொடங்கிப் பார்த்ததே அதன் சிறப்பு.

'அஜைல்' என்னும் சொல் மென்பொருள் உலகில் இன்றைய பொருளைப் பெற்றது இதற்குச் சற்றேறக்குறைய எட்டு மாதங்கள் கழித்துத்தான். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்டு என்னும் பனிமலை விடுதியில், மென்பொருள் வல்லுநர் 17 பேர் கூடினர். கென்ட் பெக், வார்டு கன்னிங்ஹாம், ஜெஃப் சதர்லண்ட், கென் ஷ்வேபர் முதலியோர் அவர்களில் அடங்குவர். வெவ்வேறு வழிகளைப் பின்பற்றிய அவர்கள் ஒரு சிறு அறிக்கையில் ஒன்றுபட்டார்கள். மனிதரும் அவர்தம் உறவாடலும், ஓடிக் காட்டும் மென்பொருளும், வாடிக்கையாளரோடு கூடி உழைத்தலும், மாற்றத்திற்கு இசைதலும் தமக்கு முதன்மையானவை என்றார்கள். விதிமுறைகள், ஆவணங்கள், ஒப்பந்தப் பேரம், திட்டம் ஆகியவற்றுக்கும் மதிப்பு உண்டு என்பதை அவர்கள் மறுக்கவில்லை. இப்பின்பகுதியை வசதியாக மறந்துவிட்டு, 'ஆவணமே வேண்டாம் என்று அறிக்கை சொல்கிறது' என்போரை நாம் நிறையக் கண்டிருக்கிறோம்.

அவர்கள் எதை எதிர்த்தார்கள்? தேவைகளை முழுவதும் எழுதி முடித்து, பின்பு வடிவமைத்து, பின்பு கட்டி, கடைசியில் சோதிக்கும் படிவரிசையை. அதற்கு 'அருவி முறை' என்று பெயர் வந்தது. மேலே ஏறமுடியாத நீர்வீழ்ச்சி என்ற கருத்தில். இதன் தந்தை என்று வின்ஸ்டன் ராய்ஸ் என்பவரைச் சொல்வது வழக்கம். அது அவருக்கு இழைக்கும் அநீதி. 1970-இல் வந்த தம் கட்டுரையில் அப்படிவரிசையை வரைந்து காட்டிய அவரே, அதை அப்படியே கையாள்வது ஆபத்தானது என்றும் எழுதினார். படத்தைப் பார்த்தவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை போலும்.

சிறுகச் செய்து, சோதித்து, திருத்தும் பழக்கம் அவ்வறிக்கையைவிட மூத்தது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மெர்க்குரி விண்வெளித் திட்டத்திற்கு மென்பொருள் எழுதியோர் அரைநாள் அளவான துண்டுகளாகவே வேலையைப் பகுத்துக்கொண்டனர். அதே காலத்தில் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், மரிய மக்தலேனாள் தேவாலயம் விஞ்ஞானிகளின் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதலில் பறந்தது அமெரிக்காவிலிருந்து வந்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட். நாமே செய்த முதல் ரோகிணி ராக்கெட் 1967-இல் எழுந்தபோது அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர்தான். துணைக்கோள் ஏவும் எஸ்.எல்.வி-3, இராமேசுவரத்துத் தமிழரான அப்துல் கலாம் திட்டப் பொறுப்பேற்ற நிலையில், 1979 ஆகஸ்டு 10 அன்று கடலில் விழுந்து, 1980 ஜூலை 18 அன்று வென்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ராக்கெட்டையும் அஜைல் முறையையும் ஒன்றென்று சொல்ல நாம் துணியமாட்டோம். பாதி ராக்கெட்டை ஏவிவிட்டு மீதியை அடுத்த வாரம் கட்டுவது இயலாது. மின்கட்டணச் சாளரம் அவ்வாறன்று. அதில் இன்று ஒன்று, நாளை மற்றொன்று என்று சேர்த்துக்கொண்டே போகலாம். எந்த வேலை எவ்வகையைச் சேர்ந்தது என்று முதலில் பிரித்தறிவதே இம்முறையைக் கற்பிப்போர் பலர் விட்டுவிடும் பாடம்.

கலைச்சொற்களுக்கு வருவோம். தையற்காரர் சட்டையை முழுவதும் தைத்து முடித்தபின்பா போட்டுப் பார்க்கச் சொல்கிறார்? நூலோட்டம் இட்ட நிலையிலேயே அணியச் சொல்லி, தோளில் பிடிக்கிறதா என்று கேட்கிறார். ஒரு நூலோட்டத்திற்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட ஒன்றிரண்டு வாரமே ஸ்பிரின்ட். செய்ய வேண்டியவற்றை அவசரத்தின் வரிசையில் எழுதிய பட்டியலே பாக்லாக். ஸ்கிரம் என்பது ரக்பி ஆட்டத்திலிருந்து வந்த பெயர்; 1986-இல் டாக்கியூச்சி, நோனாகா என்னும் ஜப்பானியப் பேராசிரியர் இருவர் புதுப்பொருள் ஆக்கும் குழுக்களைப் பற்றி எழுதுகையில் அவ்வாட்டத்தை உவமையாக எடுத்தாண்டனர்.

ஆனால் சட்டை யாருக்கோ அவரை அழைக்காமல், தையற்காரர்கள் மட்டும் தமக்குள் கூடிப் பேசிக்கொண்டால் என்ன ஆகும்? நாம் அறிந்த ஓர் அலுவலகத்தில் அதுதான் நடந்தது. நாள்தோறும் காலையில் கால்மணி நேரம் நின்றபடி பேசும் கூட்டம் வைத்தார்கள். தடை எங்கே என்று கேட்பதற்கான அக்கூட்டம், ஒரு மாதத்திற்குள் யார் சோம்பினார் என்று கேட்கும் கூட்டமாயிற்று. கணக்குப் பகுதி அம்மையார் ஒருவர், வரி கணக்கிடும் விதம் தவறு என்று முதல் வாரமே சொன்னார். 'அது இந்த ஸ்பிரின்டில் இல்லை' என்று பதில் வந்தது. அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை. ஆண்டு முடிவில் அந்தத் தவறு அவர் மேசைக்கே திரும்பி வந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து கையால் திருத்தியவரும் அவரே.

வேறோர் இடத்தில் இக்கதைகளையெல்லாம் சொல்லி முடித்தபோது, பின் வரிசையில் இருந்த முதிய கணக்கர் எழுந்து, 'ஐயா, வரவு செலவுத் திட்டம் ஆண்டுக்கு ஒருமுறை. நீங்கள் இரண்டு வாரத்திற்கொருமுறை மாற்றுவேன் என்கிறீர்கள். மார்ச் 31 அன்று நான் எதை எழுதுவது?' என்று கேட்டார். அன்று நாம் கேட்ட கேள்விகளில் மிகச் சிறந்தது அதுவே. பணமும் காலமும் நிலையாக இருக்கட்டும். அவற்றுக்குள் எவையெவை செய்யப்படும் என்பது மட்டும் மாறும். ஆகவே முதலில் இன்றியமையாதவை முடிய வேண்டும் என்று விடை சொன்னோம். இன்றியமையாதவை எவை என்று யார் முடிவு செய்வது என்று உடனே திருப்பிக் கேட்டார். பட்டியல் எழுதிய தாளை அவரிடமே நீட்டினோம். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தவர், ஒன்பதாவதாக இருந்த 'ரசீது அச்சிடுதல்' என்னும் வரியை அடித்துவிட்டு, அதை முதல் வரியாக எழுதினார்.